நீலப்பச்சைப் பாசி உரம்: செதிலை வாங்கலாம், பாட்டில் வேண்டாம்

காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தழைச்சத்தாக நெல்லுக்குக் கொடுக்கும் நீலப்பச்சைப் பாசி உரத்தை இரண்டு இடங்களில் வாங்கினேன். ஒன்று, அரசு சார்ந்த வேளாண் நிலையம் ஒன்றில் கிடைத்த செதில். மண்ணோடு சேர்ந்து காய்ந்த பழுப்புச் சில்லுகள். அச்சடித்த பைகூடக் கிடையாது, எடை போட்டுக் கட்டிக் கொடுத்தார்கள். இன்னொன்று, கடைத்தெரு உரக்கடையில் வாங்கிய ஒரு லிட்டர் பாட்டில். கரும்பச்சைத் திரவம், வழவழப்பான லேபிள், அதில் முற்றிய கதிரின் படம், யூரியா செலவு குறையும் என்ற வாக்குறுதி. இரண்டின் பெயரையும் சொல்லப்போவதில்லை. ஊருக்கு ஊர் வேறு வேறு பெயரில் விற்கிறார்கள்; எதைப் பார்த்து வாங்குவது என்று சொன்னால்தான் உங்களுக்கு உபயோகம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செதிலை வாங்குங்கள், ஒரே ஒரு முறை. அடுத்த பருவத்துக்கு மறுபடி வாங்கப் போகிறீர்கள் என்றால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். பாட்டில் பக்கம் போகவே வேண்டாம்.

திருவாரூர் பக்கம் எங்களுக்கு எட்டு மா நிலம் (ஒரு மா என்பது ஏக்கரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு). அரசு மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு நாஸ்டாக், அனபீனா என்ற நீலப்பச்சைப் பாசிகளின் படங்களைக் கரும்பலகையில் வரைந்தே சுண்ணாம்புக்கட்டி தேய்த்தவள். வீட்டில் ஒரு பழைய நுண்ணோக்கி இருக்கிறது. ஆகவே பாசி என்று சொல்லி எதைக் கொடுத்தாலும் வாங்கி வந்ததும் ஊறவைத்துப் பார்த்துவிடுவது வழக்கம்.

செதிலை மழைத்தண்ணீரில் ஊறவைத்து, சில நாள் வெயில்படும் திண்ணையில் வைத்த பிறகு எடுத்துப் பார்த்தேன். கோத்த மணிச்சரம் மாதிரி நீண்ட இழைகள். நீலமும் பச்சையும் கலந்த செல்கள் வரிசையாக. நடுநடுவே, பத்துப் பதினைந்து செல்லுக்கு ஒன்றாக, கொஞ்சம் பெரிதாக, வெளிறிய நிறத்தில், தடித்த சுவரோடு ஒரு செல். அதுதான் ஹெட்டிரோசிஸ்ட், நைட்ரஜனைப் பிடிக்கும் செல். நாம் காசு கொடுப்பது அந்தச் செல்லுக்குத்தான். அது இல்லாத பாசியை வயலில் விட்டால் தண்ணீர் பச்சையாகும், அவ்வளவே.

இந்த உயிரினத்தை நம் வழக்கத்தில் பாசி என்கிறோமே தவிர, உண்மையில் இது பாக்டீரியா. செல்லுக்குள் உட்கரு கிடையாது. ஆனாலும் செடிகொடிகளைப் போலவே வெயிலைப் பிடித்து, தண்ணீரைப் பிளந்து, ஆக்சிஜனை வெளிவிடும். சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பூமியின் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியதற்கு இதன் முன்னோர்களே காரணம். இன்றைக்கு நெல்லின் இலையில் இருக்கும் பசுங்கணிகமும், எப்போதோ ஒரு செல்லுக்குள் குடிபுகுந்த இந்த இனத்தின் வாரிசுதான். காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் நைட்ரோஜினேஸ் என்ற நொதிக்கோ ஆக்சிஜன் பட்டால் ஆகாது, கெட்டுவிடும். தானே ஆக்சிஜன் விடுகிற உயிர், ஆக்சிஜன் ஆகாத வேலையையும் செய்தாக வேண்டும். அதற்காகத்தான் சில செல்கள் மட்டும் சுவரைத் தடிப்பாக்கிக்கொண்டு, ஆக்சிஜன் உண்டாக்கும் வேலையை அடியோடு நிறுத்திவிட்டு, நைட்ரஜன் பிடிக்கும் அறைகளாக மாறுகின்றன. பக்கத்துச் செல்கள் அவற்றுக்குச் சர்க்கரை கொடுக்கும்; அவை பதிலுக்குத் தழைச்சத்தைக் கொடுக்கும். யூரியா ஆலையில் இதே நைட்ரஜனை அம்மோனியாவாக்க 400 டிகிரிக்கு மேல் வெப்பமும் 100 வளிமண்டலத்துக்கு மேல் அழுத்தமும் வேண்டும். இது முழங்காலளவுகூட இல்லாத சேற்றுத் தண்ணீரில் நடக்கிறது. வகுப்பில் எத்தனையோ வருஷம் சொன்ன விஷயம்தான், லென்ஸுக்குக் கீழே பார்க்கும்போது இன்னும் எனக்கு அலுக்கவில்லை.

செதிலில் வேறொன்றும் தெரிந்தது. அங்கங்கே உப்பலாக, உள்ளே துகள் நிறைந்த உறங்கு செல்கள். அகினீட் என்று பெயர். வயல் காய்ந்து வெடித்தாலும் இவை சாகாமல் கிடந்து, தண்ணீர் வந்ததும் முளைக்கும். காய்ந்த செதில் என்றதும் செத்த சரக்கு என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். காய்ந்து கிடப்பதுதான் இதற்கு நல்லது.

இப்போது பாட்டில். மூடியைத் திறந்ததும் முட்டை அழுகின நாற்றம். ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் உருண்டையான பச்சைப் பாசிச் செல்கள், பாக்டீரியாக் கூட்டம், தேடித் தேடிப் பார்த்ததில் துண்டு துண்டாக இரண்டொரு இழை. வெயிலில்லாத கடை அலமாரியில், மூடிய பாட்டிலுக்குள், ஒளிச்சேர்க்கை செய்து வாழும் உயிர் எத்தனை நாள் தாங்கும்? லேபிளில் எந்த இனப் பாசி என்று இல்லை. தயாரித்த தேதி இருந்த இடத்தில் மை கலைந்திருந்தது. கடைக்காரரிடம் கேட்டதற்கு, "ஸ்பைருலினா எல்லாம் இருக்கும்மா, ரொம்ப சத்து" என்றார். சுருள்பாசி மனுஷனுக்குச் சத்தாக இருக்கலாம். ஆனால் அது நைட்ரஜன் பிடிக்கும் இனமே கிடையாது. வளர்வதற்கு அதற்கே தழைச்சத்து போட்டாக வேண்டும். அந்தப் பதிலுக்குப் பிறகு நான் பாட்டிலை வயலில் ஊற்றவில்லை.

நுண்ணோக்கி இல்லாதவர்கள் சரக்கைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கண்ணாடிப் பாத்திரத்தில் மழைத்தண்ணீர், ஒரு சிட்டிகை சூப்பர் பாஸ்பேட், அதில் கொஞ்சம் செதில். யூரியாவோ சாணமோ சேர்க்கக்கூடாது. வெயிலில் வையுங்கள். தண்ணீரில் தழைச்சத்து இல்லாததால், காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளத் தெரிந்தவைதான் செழிக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் கருநீலம் கலந்த பச்சையில் ஆடையாகப் படர்ந்தால் சரக்கு நல்லது. என் பாட்டில் சரக்கு கடைசிவரை கலங்கின தண்ணீராகவே இருந்தது.

வயலில் போடும் முறை சுலபம். ஹெக்டேருக்கு 10 கிலோ, அதாவது ஏக்கருக்கு 4 கிலோ செதில். நடவு முடிந்து ஒரு வாரம் பத்து நாளில், நிற்கிற தண்ணீரில் கையால் தூவ வேண்டும். அதன் பிறகு தண்ணீர் வற்றவும் கூடாது, மடை திறந்து ஓடவும் கூடாது. பயிர் தூர் கட்டி, இலை மூடி, தண்ணீரில் வெயில் விழாமல் போகும்வரைதான் பாசிக்குக் காலம். அதனால் நடவுக்குப் பிந்தைய முதல் மாதத்தில் கிடைப்பதுதான் கணக்கு.

நான் இரண்டு பருவத்திலும் போட்டுப் பார்த்தேன். குறுவையில், நல்ல வெயிலில், பாசி வஞ்சனையில்லாமல் வந்தது. பாசி போட்ட மாவில் பயிர் பச்சை கட்டியதை வரப்பில் நின்றே பார்க்க முடிந்தது. சம்பாவில் கதை வேறு. தூவிய கொஞ்ச நாளில் ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. வானம் மூடிக் கிடந்தது. வயலில் நின்ற தண்ணீர் வரப்பு தாண்டி வடிகாலில் போனது, பாசியும் கூடவே போனது. கதிர் அடித்துப் பார்த்ததில் பாசி போட்ட மாவுக்கும் போடாத மாவுக்கும் என்னால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. பாட்டில் லேபிளிலும் சரி, நிலையத்தில் தந்த துண்டுத்தாளிலும் சரி, இந்தப் பருவ விவகாரம் ஒரு வரிகூட இல்லை. டெல்டாவில் விற்கும் பொருளுக்கு அதைச் சொல்லாமல் விடுவது பெரிய குறை.

மேல்கட்டு வயல்காரர் பாசி தூவுவதைப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், பாசி அழியட்டும்னு நாங்க மடையில துத்தம் கட்டுறோம், நீங்க காசு குடுத்துப் பாசி வாங்கிட்டு வந்து தூவுறீங்களே!" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. நடவு வயலில் வழவழவென்று நூல்நூலாகப் படர்ந்து இளம் பயிரைச் சாய்க்கிற பாசி ஒன்று உண்டு. அது பச்சைப் பாசி, வேறு சாதி. அதற்கு ஹெட்டிரோசிஸ்டும் கிடையாது, நைட்ரஜனும் பிடிக்காது. துத்தம் என்று அவர் சொன்ன மயில்துத்தத்துக்கு (காப்பர் சல்பேட்) இந்தப் பேதம் தெரியாது, இரண்டையும் கொன்றுவிடும். அவர் வயலில் பாய்ந்த தண்ணீர்தான் எங்கள் வயலுக்கு வரும் என்பதால், "அண்ணே, துத்தம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிடுங்க, நான் மடையை அடைச்சிக்கிறேன்" என்று கேட்டுக்கொண்டேன். சொல்லிவிட்டுத்தான் கட்டினார். பாசி உரம் வாங்குகிறவர்கள் பக்கத்து வயல்காரரிடம் பேசுவதையும் வாங்குகிற செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி காசுக் கணக்கு. பாசி நன்றாக வந்தால் ஒரு பருவத்தில் ஹெக்டேருக்கு 20 முதல் 30 கிலோ தழைச்சத்து சேர்க்கும் என்பார்கள். ஏக்கருக்கு 8 முதல் 12 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் இருக்கும் தழைச்சத்து ஏறக்குறைய 20 கிலோ 700 கிராம். மூட்டை விலை 266 ரூபாய் 50 காசு. ஆக, பாசி ஒழுங்காக வேலை செய்தால் ஏக்கருக்கு மிச்சமாவது 100 முதல் 150 ரூபாய்தான்! செதிலுக்கு நான் கொடுத்ததும் கிட்டத்தட்ட அவ்வளவே. பாட்டில் அதைப் போல மூன்று மடங்கு. யூரியாவுக்கு அரசு மானியம் இருப்பதால்தான் இந்தக் கணக்கு இப்படி நிற்கிறது என்பது சரி. ஆனால் விவசாயி மானியம் போக மீதி விலையைத்தான் கொடுக்கிறார். யூரியா போடுகிற வயலுக்குப் பாசியைப் பண மிச்சம் என்று சொல்லி விற்பது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

அதுமட்டுமல்ல. யூரியாவும் பாசியும் ஒரே வாரத்தில் வயலில் ஒத்துப்போகாது. தண்ணீரில் அம்மோனியம் தாராளமாக இருந்தால் பாசி ஹெட்டிரோசிஸ்ட் உண்டாக்குவதையே நிறுத்திவிடும். கையில் கிடைக்கும்போது காற்றிலிருந்து எடுக்க அதற்கென்ன தலையெழுத்து? இன்னொரு பக்கம், பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து தண்ணீரில் கரைந்த கரியமிலவாயுவை உறிஞ்சுவதால் தண்ணீரின் கார அமில நிலை (pH) 9க்கு மேலேகூட ஏறும். அந்த நேரத்தில் மேலாக விசிறிய யூரியா அம்மோனியாவாகிக் காற்றில் போய்விடும். ஆக, பாசி உரத்தோடு யூரியாவை வழக்கம்போல விசிறுகிறவருக்கு இரண்டிலும் நஷ்டம். மேலுரம் போட்டே தீரவேண்டும் என்றால் தண்ணீரை வடித்துவிட்டுச் சேற்றில் சேர்கிறாற்போலப் போடுவது மேல்.

பின்னே யாருக்குத்தான் இது என்று கேட்டால், யூரியா போடாத வயலுக்கு. எங்கள் எட்டு மாவில் இரண்டு மாவில் மாப்பிள்ளைச் சம்பா. ஆளுயரம் வளர்கிற ரகம், தழைச்சத்து கொஞ்சம் கூடிப்போனாலும் காற்றில் படுத்துவிடும். அதற்கு எரு, தழை, கூடவே மெதுவாகக் கசிகிற பாசிச் சத்து போதும். மெதுவாக என்பதைக் கவனிக்க வேண்டும். பாசி உயிரோடு இருக்கும்போது பிடித்த சத்தில் பெரும்பகுதியைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும். செத்து மக்கும்போதுதான் நெல்லுக்குக் கிடைக்கும். ஒரு பங்கு அடுத்த பயிருக்குத்தான் போய்ச் சேரும். ஒரு பருவம் போட்டுவிட்டு இது சரியில்லை என்று தீர்ப்புச் சொல்கிறவர்களும் என்னைப் பொறுத்தவரை அவசரக்காரர்கள். எரு போடாத நெல் வயல்கள்கூட வருஷக்கணக்கில் எப்படி விளைகின்றன என்ற கேள்விக்கு விடையாக, 1939இலேயே ஆய்வாளர் பி. கே. டே நீலப்பச்சைப் பாசியின் நைட்ரஜன் பிடிப்பைச் சுட்டிக்காட்டினார். வட இந்தியாவில் உசர் என்று அழைக்கும் களர் நிலங்களைப் பாசி வளர்த்துத் திருத்தலாம் என்று ஆர். என். சிங் 1950இல் எழுதினார். நம் பக்கமும் குறைச்சலில்லை. சென்னையில் எம். ஓ. பி. அய்யங்கார் போட்ட அடித்தளத்தில், டி. வி. தேசிகாச்சாரி 1959இல் இந்த இனங்களையெல்லாம் படத்தோடு தொகுத்த நூலைத்தான் இன்றும் பெயர் அடையாளம் காண எடுக்கிறார்கள். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கடல்வாழ் நீலப்பச்சைப் பாசிகளுக்கென்றே 1991இல் தேசிய மையம் ஒன்று வந்தது. இவ்வளவு இருந்தும் உரக்கடையில் ஸ்பைருலினா என்று பதில் வருகிறதே என்பதுதான் என் ஆதங்கம்.

ஒரே முறை வாங்கினால் போதும் என்று சொன்னதற்குக் காரணம் தொட்டி. கொல்லையில் வெயில் நன்றாக விழும் இடத்தில் 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலத்தில் ஒரு சாண் ஆழத்துக்குக் குழி எடுத்து, பாலிதீன் தாள் விரித்தோம். சலித்த வயல்மண் 8 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 200 கிராம் போட்டு, நாலு விரற்கடை தண்ணீர் நிறுத்தி, மண் படிந்ததும் மேலே செதிலைத் தூவினோம். பாஸ்பேட்டில் கஞ்சத்தனம் கூடாது. காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், மணிச்சத்தை (பாஸ்பரஸை) அதனால் எங்கிருந்தும் எடுக்க முடியாது. மண் புளித்த மண்ணாக இருந்தால் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அமிலத்தில் இது வராது. இரண்டு வாரம் போனால் தண்ணீர்மேல் தோல்போலப் படர்ந்து குமிழ்விடும். அப்புறம் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு வெயிலில் காயவிட்டால் தானாகச் சுருண்டு செதிலாகக் கிளம்பும். அள்ளிக்கொண்டு, மறுபடி தண்ணீர் கட்டினால் அதே மண்ணில் இன்னும் இரண்டு மூன்று முறை எடுக்கலாம்.

இதில் தொந்தரவு மேய்கிற பூச்சிகள். நத்தை, கொசுப்புழு, கடுகளவு ஓடுள்ள நீர்ப்பூச்சி, எல்லாவற்றுக்கும் பாசிதான் சாப்பாடு. ஒரே இரவில் தொட்டியை வழித்துத் துடைத்துவிடும். பழைய கையேடுகளில் குருணைப் பூச்சிமருந்து போடச் சொல்லியிருக்கும். எனக்கு அதில் சம்மதமில்லை, வேப்பங்கொட்டையை இடித்துத் துணியில் கட்டி ஊறப்போட்டேன். அடங்கியது. வயலிலும் இதே கூட்டம்தான் பாசியைத் தின்கிறது. பாசி வராமல் போன வயலில் முதலில் நத்தையைத் தேடுங்கள்.

குளத்தில் கிடைக்கிற பாசியை அள்ளிப் போட்டால் ஆகாதா, எதற்கு வாங்க வேண்டும் என்று வேலைக்கு வரும் பெண்ணொருத்தி கேட்டாள். ஆகாது. கோடையில் சாக்கடை கலக்கும் குளங்களில் அடர்பச்சையாகத் திரண்டு மிதப்பது பெரும்பாலும் மைக்ரோசிஸ்டிஸ். செல்லுக்குள் காற்றுப் பைகள் இருப்பதால் மேலே மிதக்கும். இதுவும் நீலப்பச்சைப் பாசிதான், ஆனால் நைட்ரஜன் பிடிக்காது. அதன் பல வகைகள் கல்லீரலைக் கெடுக்கும் மைக்ரோசிஸ்டின் நச்சை உண்டாக்கும். காய்ச்சினாலும் அந்த நச்சு போகாது. குடிநீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்த அளவு. ஹெட்டிரோசிஸ்ட் இருந்தால் எல்லாம் சாது என்றும் நினைத்துவிட முடியாது. ஆஸ்திரேலியாவில் அலெக்சாண்ட்ரினா ஏரியில் ஆடுமாடுகள் தண்ணீர் குடித்துச் செத்ததை ஜார்ஜ் பிரான்சிஸ் 1878இல் எழுதினாரே, அந்த நோடுலாரியா நைட்ரஜன் பிடிக்கிற சாதிதான். அதனால் தொட்டிக்கு வித்து நம்பகமான இடத்திலிருந்தே வர வேண்டும், தொட்டித் தண்ணீரை மாட்டுக்குக் காட்டவும் கூடாது.

மாடு வைத்திருப்பவர்களுக்கு இதைவிட அசோலா என்ற மிதக்கும் நீர்ப்பெரணி தோது. அதன் இலைக் குழிக்குள்ளேயே அனபீனா குடியிருப்பதால் மழையில் அடித்துப் போனாலும் தனியே பிரிந்து போகாது, மிஞ்சியதை மாட்டுக்கும் போடலாம். கடுங்கோடையில் மட்டும் நிழல் வேண்டும்.

செதில் வாங்கப் போகிறவர்கள் மூன்று கேள்வி கேளுங்கள்: எப்போது அறுவடை செய்தது, எந்தெந்த இனம், எந்த மண்ணில் வளர்த்தது. எனக்குக் கொடுத்தவர் முதல் இரண்டுக்கும் தயங்காமல் பதில் சொன்னார், மூன்றாவதற்கு உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து சொன்னார். வாங்கி வந்ததைக் காற்றுப் புகாத பையில், ஈரம்படாத இடத்தில் வையுங்கள். உர மூட்டை, பூச்சிமருந்து இருக்கும் அறையில் வேண்டாம். எங்கள் வீட்டில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருக்கிறது, மருமகளுக்கு அதில் இன்னும் உடன்பாடில்லை.